பால்கட்டுக்குச் சீன மசாஜ் செய்துகொள்ளலாமா? நாளைக் காலை ஆள் வருகிறார்

ஷென்ஜென்_தாய் | செவ்வாய், இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். குழந்தை பிறந்து இன்றோடு 19 நாள். சுகப்பிரசவம். ஷென்ஜெனில் இருக்கிறோம். அம்மாவுக்கு விசா தாமதமானதால் இங்கேயே ஒரு யுவேசாவ் வைத்துக்கொண்டோம். பிரசவமான முதல் மாதம் வீட்டோடு தங்கித் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இங்கே அப்படிப் பெயர். ஹூனான் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். நான் ‘ஆயி’ என்று கூப்பிடுகிறேன். சீனத்தில் அத்தை, சித்தி மாதிரி ஒரு சொல். நம் ஊர் ஆயி போலவே ஒலிப்பதால் எனக்கு அது வாயில் உடனே ஒட்டிக்கொண்டது.

நேற்று மாலையிலிருந்து இடது மார்பில் அக்குள் பக்கமாக எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. சட்டை உரசினாலே உயிர் போகிறது. குழந்தை குடித்து முடித்த பிறகும் கட்டி இளகவில்லை. இப்போது காய்ச்சல் 38.1.

ஆயி தொட்டுப் பார்த்துவிட்டு, அடைத்துக்கொண்டது, ‘தோங்ரூ ஷி’யை வரச் சொல்கிறேன் என்றார். கட்டிய பாலைக் கையால் பிடித்துத் திறந்துவிடுகிறவர்களாம். வீசாட்டில் பேசி நாளைக் காலை 10 மணிக்கு ஏற்பாடும் ஆகிவிட்டது. ஒரு தடவைக்கு 400 யுவான். பணம் பெரிதில்லை. ஆனால் இங்கே தாய்மார்கள் குழுவில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு பெண் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு அழுகிறாள், மசாஜ் செய்பவர் இரண்டு கட்டை விரலாலும் அழுத்திக்கொண்டே இருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை நடுங்குகிறது.

இங்கே சீனாவில் இருந்தவர்கள், இதைச் செய்துகொண்டவர்கள், செவிலியர், மருத்துவர் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். செய்யலாமா?

குவாங்சூ_அக்கா | செவ்வாய், இரவு 10:15

பயப்படாதே மா. குவாங்சூவில் 7 வருடம் இருந்தவள் நான். இரண்டாவது பிள்ளைக்கு எனக்கும் இதே கதைதான், ஆனால் காய்ச்சல் இல்லை. எனக்குச் செய்தவர் ஒரு சீன மருத்துவமனையின் துய்னா பிரிவில் வேலை பார்த்த செவிலி. துய்னா என்றால் தள்ளுவது, பிடிப்பது. அதுதான் அவர்களுடைய பழைய மசாஜ் முறை.

அவர் வந்ததும் மார்பைத் தொடவே இல்லை. முதலில் தோளில் கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே ஒரு இடம், அப்புறம் முதுகில் தோள்பட்டை எலும்பின் நடுவே, பிறகு இரண்டு மார்புக்கும் நடுவில் நெஞ்செலும்பின் மேல் ‘ஷான்ஜோங்’ என்கிற புள்ளி, கடைசியில் சுண்டு விரல் நகத்தின் ஓரம். இப்படி ஒவ்வொன்றாக அழுத்திவிட்டார். அதிலேயே தோள் இறுக்கம் விட்டு எனக்குத் தூக்கம் வந்தது. பிறகுதான் எண்ணெய் தடவி, காம்பை இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுத்துவிட்டு, விரல் நுனியால் அடிப்பக்கத்திலிருந்து காம்பை நோக்கி வருடினார். வருடல்தான், பிசைதல் இல்லை. முதலில் துளித்துளியாக வந்த பால், கொஞ்ச நேரத்தில் நூல் பிடித்த மாதிரி காம்பின் நாலைந்து கண்களிலிருந்து ஒரே நேரத்தில் பீச்சியது. 40 நிமிடம் ஆகியிருக்கும். வலி என்று ஒன்றும் இல்லை.

அவர்கள் அடிக்கடி சொல்கிற ஒரு சொலவடை உண்டு: தோங் சே பூ தோங். ‘ஓட்டம் இருந்தால் வலி இல்லை’ என்று பொருள். ஓட்டத்துக்கும் வலிக்கும் சீனத்தில் கிட்டத்தட்ட ஒரே ஒலி. நல்ல கையாக இருந்தால் செய்துகொள் என்பேன்.

பாலூட்டல்_செவிலி | செவ்வாய், இரவு 10:40

சகோதரி, நான் சிங்கப்பூரில் பேறுகாலப் பிரிவில் வேலை செய்கிறேன். முதலில் ஒரு விஷயம். காய்ச்சல், சிவப்பு, குடித்த பிறகும் இளகாத கட்டி மூன்றும் சேர்ந்திருக்கிறது. இதைப் ‘பால்கட்டு’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்பக அழற்சி என்று வைத்துக்கொண்டே இன்று இரவைக் கடத்துங்கள். காய்ச்சல் 38.5ஐத் தாண்டினாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.

நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்ததும் இப்போது சொல்வதும் ஒன்றில்லை, அதனால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், பாலை நன்றாக வெளியேற்றுவதுதான் சிகிச்சையின் மையம். அதை வைத்து நாங்களும், அடிக்கடி கொடு, காலியாக்கு, கட்டியை அழுத்தித் தேய் என்று தாய்மார்களிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். நானே சொல்லியிருக்கிறேன், என் கையாலேயே தேய்த்தும் விட்டிருக்கிறேன். 2022ல் தாய்ப்பால் மருத்துவ அகாடமி தன் நெறிமுறையைத் திருத்தி எழுதியது. அதன்படி பால்குழாய்கள் மிக நுண்ணியவை, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. குழாய்க்குள் ஒரு அடைப்பான் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தள்ளி வெளியே எடுக்கலாம் என்பது சரியான படம் இல்லை. சுற்றியுள்ள திசு நீர்கோத்து வீங்குகிறது, அந்த வீக்கம் வெளியிலிருந்து குழாயை நெரிக்கிறது. கையில் தெரிகிற கட்டி பெரும்பாலும் அந்த வீக்கம்தான். அதைக் கட்டை விரலால் அழுத்தினால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் காயப்பட்டு வீக்கம் இன்னும் ஏறும்.

அதனால் இப்போது சொல்வது இது. குழந்தை கேட்கிறபோது வழக்கம்போல் இரண்டு பக்கமும் கொடுங்கள். நிறுத்தவும் வேண்டாம், காலியாக்க வேண்டும் என்று பம்பு வைத்துக் கூடுதலாக எடுக்கவும் வேண்டாம். எடுக்க எடுக்க உடம்பு இன்னும் சுரக்கும். துணியில் சுற்றிய ஐஸ் பையைப் பத்துப் பத்து நிமிடமாக வையுங்கள். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாத வரை இபுப்ரோஃபென் அல்லது பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் பாலூட்டும்போது ஒத்துக்கொள்ளும். கை வைத்தே ஆக வேண்டுமென்றால் தோல் மட்டும் நகர்கிற அளவுக்கு, பூனையைத் தடவுகிற மாதிரி, காம்பிலிருந்து அக்குளை நோக்கித் தடவுங்கள். அது நிணநீர் வடிவதற்காக. குவாங்சூ அக்கா சொன்ன திசைக்கு இது நேர் எதிர், கவனியுங்கள்.

இந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.

பினாங்கு_அத்தை | செவ்வாய், இரவு 10:52

எங்கள் பக்கம் மலாய்க்காரர் ‘ஊருட்’ செய்வார்கள், சீனர் யுவேசாவ் வைப்பார்கள், நாம் பத்தியம் இருப்போம். மூன்று வீட்டுக்கும் போய் வந்தவள் சொல்கிறேன். மூன்றிலும் பிரசவம் பார்த்த பழைய கைகள் மெதுவான கைகள். வீடியோவில் நீ பார்த்தது எனக்குத் தெரிந்த எந்தக் கிழவியும் செய்யாதது. இரவு காய்ச்சலைக் குறித்துக்கொண்டே இரு மா.

இரண்டுமுறை_அம்மா | செவ்வாய், இரவு 11:20

இதைப் படித்துவிட்டு எழுதாமல் தூங்க முடியவில்லை.

எனக்கு நடந்தது மூன்று வருடத்துக்கு முன்னால், ஷாங்காயில். இதே மாதிரி கட்டி, இதே மாதிரி காய்ச்சல். வீட்டுக்கு வந்தவரிடம் சான்றிதழ் இருந்தது, போனில் காட்டினார். சில நாள் வகுப்பு முடித்தாலே அப்படியொரு சான்றிதழ் வாங்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் ஒரு மணி நேரம் அழுத்தினார். கட்டி கொஞ்சம் சின்னதானது போல இருந்தது. மறுநாள் காலை இரண்டு மடங்காகிவிட்டது. இன்னும் திறக்கவில்லை, அழுத்தம் போதவில்லை என்று இரண்டாம் நாளும் வந்தார். நான் அழுதபோது, பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள் என்றார். பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மார்பில் நீலமும் பச்சையுமாக விரல் தடங்கள். தோல் பளபளவென்று ஆகி, நடுவில் அழுத்தினால் தண்ணீர்ப் பை போலக் குழைந்தது.

ஸ்கேனில் சீழ்க்கட்டி என்று தெரிந்தது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு தடவை போதவில்லை, மூன்று தடவை போனேன். அந்த மருத்துவர் என்னைத் திட்டவில்லை. என் மார்பிலிருந்த தடங்களைப் பார்த்துவிட்டு ‘பாவோலி’ என்று ஒரே ஒரு சொல் சொன்னார். வன்முறை என்று பொருள். இந்த மாதிரி அழுத்தித் திறப்பதற்கு அங்கே மருத்துவர்களே வைத்திருக்கிற பெயர் அது: பாவோலி தோங்ரூ.

மசாஜ்தான் சீழாக்கியது என்று என்னால் நிரூபிக்க முடியாது, அதுவே சீழ் வைத்திருக்கவும் கூடும். ஆனால் அந்த மூன்று நாளை மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டில் கழித்தேன். அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. நீங்கள் அந்த நாட்களைக் கழிக்காதீர்கள்.

நான்ஜிங்கில்_படித்தவன் | செவ்வாய், இரவு 11:55

அக்கா, நான் நான்ஜிங்கில் எம்பிபிஎஸ் முடித்தவன், இப்போது ஊரில் மருத்துவர். அங்கே எங்களுக்குச் சீன மருத்துவமும் ஒரு பாடம். அதிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் ‘சீனப் பாரம்பரியம்’ என்று இங்கே பேசுவதும் அந்த நூல்களில் இருப்பதும் அப்படியே பொருந்தவில்லை.

இந்த நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் ரூயோங். ‘ரூ’ மார்பு, பால் இரண்டையும் குறிக்கும். ‘யோங்’ என்றால் சிவந்து சீழ் வைக்கிற கட்டி. உடம்பில் ஓட்டம் போகிற பாதைகளை நாடி என்பார்கள். மார்பகம் இரைப்பையின் நாடியைச் சேர்ந்தது, காம்பு கல்லீரலின் நாடியைச் சேர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. மனக்கொதிப்பில் கல்லீரலின் ஓட்டம் கட்டிப்போகிறது, கொழுத்த சாப்பாட்டில் இரைப்பையில் சூடு ஏறுகிறது, இரண்டும் சேர்ந்து பால் தேங்குகிறது என்பார்கள். நாடிக் கணக்கை நம்பச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து பன்றிக்கால் வேர்க்கடலை சூப்பை விழுந்து விழுந்து கொடுப்பது அந்தக் கணக்குப்படியே தவறு. (உங்கள் ஆயி அதைக் கொடுத்தாரா? பால் ஏற்கெனவே அதிகமாக வருகிறதென்றால் நிறுத்தச் சொல்லுங்கள்.)

முக்கியமான விஷயம் என்னவென்றால், ரூயோங்கை அவர்கள் மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். பால் தேங்கும் நிலை, சீழ் உருவாகும் நிலை, உடைந்த பிறகான நிலை. கை வைத்துப் பாலை எடுப்பதெல்லாம் முதல் நிலைக்கு மட்டும். சீழ் வைத்துவிட்டால் மசாஜ் கூடாது, அதை வெளியேற்றத்தான் வேண்டும். எங்கள் பாடப்புத்தகத்திலேயே அப்படித்தான். ‘எத்தனை நாளானாலும் அழுத்தித் திற’ என்பது அந்த மரபில் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சுய் அரச காலத்தில், 610ஆம் ஆண்டில், சாவ் யுவான்ஃபாங் என்ற அரண்மனை மருத்துவர் தொகுத்த நோய்க்காரண நூலில் இந்த நிலை வருகிறது. பிள்ளை குடிக்க முடியாமலோ குடித்து மிஞ்சியோ பால் தேங்கிப்போனால் உடம்பு கொதிக்கும், தாகம் எடுக்கும், மார்பு இறுகி வலிக்கும், கை பக்கத்திலேயே போக முடியாது என்று எழுதியிருக்கிறார். அப்படித் தோன்றிய உடனே கையால் பாலை எடு, பக்கத்தில் இருப்பவரை விட்டு உறிஞ்சச் சொல், இல்லையென்றால் சீழ் வைத்துவிடும் என்றும் சொல்கிறார். 1,400 வருடத்துக்கு முன்னால் அவர் சொன்னது பாலை எடுக்கத்தான், கட்டியை நசுக்க இல்லை. ‘கை நெருங்க முடியாத வலி’ என்பதை நோயின் அடையாளமாக எழுதிய மனிதர் அவர்.

செவிலி அக்கா சொன்னதற்கும் இதற்கும் ஒரு இடத்தில் உண்மையான முரண் இருக்கிறது, மறைக்கவில்லை. பாலை எடுத்தே ஆக வேண்டுமா, வீக்கத்தைத் தணித்தால் போதுமா என்பதுதான் அது. ஆனால் உங்களுக்கு இன்று இரவு அந்த விவாதம் தேவையில்லை. 38.1, சிவப்பு, இரண்டு நாள் கட்டி. நாளைக்கு மசாஜ்காரரைப் பார்க்கும் முன் மருத்துவரையும் ஸ்கேனையும் பாருங்கள்.

ஷென்ஜென்_தாய் | புதன், அதிகாலை 12:30

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். ஆமாம் தம்பி, சூப் தினமும் இரண்டு வேளை. நான் வேண்டாம் என்று சொல்லவே கூச்சப்பட்டேன், அவ்வளவு ஆசையாகச் செய்து கொண்டுவருவார்.

இப்போது ஒரு சிக்கல். ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பையை எடுத்ததும் ஆயி பதறிப்போய் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மாதம் முடியும் வரை குளிர் ஆகாது, இப்போது ஏறும் குளிர் வயதான பிறகு மூட்டில் இறங்கும் என்கிறார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. எங்கள் அம்மாவும் போனில் அதையேதான் சொல்கிறார், பச்சைத் தண்ணீர் கூடாது என்று. இரண்டு பேரும் ஒரு பக்கம். நான் என்ன செய்ய?

நான்ஜிங்கில்_படித்தவன் | புதன், அதிகாலை 12:41

அக்கா, ஆயியிடம் ஒன்று கேளுங்கள்: ரூயோங்குக்கு ‘பூகோங்யிங்’ கொடுப்பார்களா இல்லையா? சீமைக் காட்டுமுள்ளங்கி என்று சொல்லப்படுகிற அந்த மஞ்சள் பூச் செடிதான், டான்டிலயன். கண்டிப்பாகக் கொடுப்போம் என்பார். அது அவர்கள் கணக்கில் குளிர்ச்சி மூலிகை. மேலே ‘மாங்ஷியாவ்’ உப்பைத் துணியில் கட்டி வைப்பார்களா என்றும் கேளுங்கள். அதுவும் குளிர்ச்சிதான். ஊரில் கற்றாழை அரைத்துப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். உடம்பு முழுக்கக் குளிர் கூடாது என்பது வேறு, கொதிக்கிற ஒரு இடத்தைத் தணிப்பது வேறு. அந்த வேறுபாடு அவர்கள் மரபிலேயே இருக்கிறது. உடம்பைப் போர்த்திக்கொண்டு அந்த ஒரு இடத்தில் மட்டும் வைக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

குவாங்சூ_அக்கா | புதன், காலை 7:30

செவிலி சகோதரி சொன்னதை மதிக்கிறேன். ஆனால் மசாஜே கூடாது என்பது போல இழை போவதால் எழுதுகிறேன். 2014ல் சீன மருத்துவர்கள் ஒரு ஆறு படி முறையை ஆய்விதழில் வெளியிட்டார்கள். தயார்ப்படுத்துவது, காம்பின் கண் அடைந்திருந்தால் திறப்பது, காம்பைப் பிடித்துவிடுவது, காம்பைச் சுற்றியுள்ள கரு வட்டத்தைத் தள்ளி அழுத்துவது, மார்பைத் தள்ளிப் பிடிப்பது, மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் செய்து, பெரும்பாலோருக்கு ஒரே தடவையில் சரியானதாக எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதுதான். என் உடம்பு கண்ட சுகத்தை இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?

பாலூட்டல்_செவிலி | புதன், காலை 8:05

இல்லை என்று சொல்லவே வேண்டாம் அக்கா. அந்த ஆய்வு எனக்கும் தெரியும். அதில் மசாஜ் செய்யாத பெண்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பால்கட்டு ஒன்றிரண்டு நாளில் பலருக்குத் தானாகவே இளகும், அதனால் எவ்வளவு மசாஜால், எவ்வளவு தானாக என்று பிரிக்க முடியாது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020ல் வந்த, காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு, அழற்சி வராமல் தடுப்பதில் அழுத்தப் புள்ளி மசாஜ் வழக்கமான கவனிப்பைவிட மேலாக இருக்கலாம் என்று சொல்கிறது. நீங்கள் சொன்ன தோள், நெஞ்சு, சுண்டு விரல் புள்ளிகளெல்லாம் அந்த வகைதான். ஆனால் அது வருமுன் தடுப்பது. வந்து, சிவந்து, காய்ச்சலும் அடித்துக்கொண்டிருக்கிற மார்பில் கை வைப்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

உங்களுக்குச் செய்தவர் முதலில் மார்பைத் தொடவே இல்லை என்று எழுதினீர்கள் பாருங்கள், அதைப் படித்தபோதே அவர் கை தெரிந்தவர் என்று புரிந்தது. உங்களுக்குக் காய்ச்சலும் இல்லை. என் பயமெல்லாம் ‘இரண்டுமுறை அம்மா’வுக்கு வந்த கையைப் பற்றித்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பெயர்.

குவாங்சூ_அக்கா | புதன், காலை 8:12

சரி, அது நியாயம். அவர் வந்ததும் முதலில் தெர்மாமீட்டர் கேட்டார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

நான்ஜிங்கில்_படித்தவன் | புதன், காலை 8:20

அக்கா, மருத்துவமனைக்குக் கிளம்பினால் உங்களுக்கு உதவும் இரண்டு மூன்று விஷயங்கள். பதிவு செய்யும்போது ‘ரூஷியன் கே’ கேளுங்கள், மார்பகப் பிரிவு. பேறுகாலப் பிரிவுக்குப் போனால் அங்கிருந்து திரும்ப அனுப்பக்கூடும். உள்ளே போனதும் முதல் சொல்லாக ‘பூரூ சீ’ என்று சொல்லுங்கள், பால் கொடுக்கும் காலம் என்று பொருள். அதைச் சொன்னால் மருந்து அதற்கேற்ப எழுதுவார்கள். பெனிசிலின் வகை கொடுப்பதாக இருந்தால் முன்கையில் சின்ன ஊசி போட்டுத் தோல் சோதனை செய்து 20 நிமிடம் உட்காரவைப்பார்கள், அங்கே அது கட்டாய நடைமுறை, பயப்பட வேண்டாம். இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி. மாத்திரை எழுதினால் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிடுங்கள்.

ஷென்ஜென்_தாய் | புதன், இரவு 8:45

இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது.

அதிகாலை 4 மணிக்குப் பல் கிட்டி நடுக்கம் வந்தது. காய்ச்சல் 39.2. இரண்டு போர்வை போர்த்தியும் நிற்கவில்லை. ஆயிதான் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் அவரே தோங்ரூ ஷிக்கு போன் செய்து, காய்ச்சல் இவ்வளவு, சீக்கிரம் வா என்றார். ஸ்பீக்கரில்தான் பேசினார்கள். அந்தப் பெண் உடனே, ‘39 என்றால் நான் தொடமாட்டேன். மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ, ஸ்கேனில் சீழ் இல்லை என்று வந்தால் பிறகு கூப்பிடு’ என்றார். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் ஆயி செருப்பைத் தேடினார். நானும் என் கணவரும் சொன்னபோது அசையாதவர், அவர் சொன்னதும் குழந்தைக்குத் தொப்பி போட ஆரம்பித்துவிட்டார்.

ரூஷியன் கே, பூரூ சீ இரண்டும் அப்படியே வேலை செய்தன தம்பி, ரொம்ப நன்றி. ஸ்கேனில் சீழ் இல்லை. நீர்கோத்த வீக்கம் பரவலாக இருக்கிறது என்றார்கள். செஃபலோஸ்போரின் வகை மாத்திரை 10 நாளைக்கு, வலிக்கு இபுப்ரோஃபென். இந்த மாத்திரைகளோடு பால் கொடுக்கலாம் என்று மருத்துவரே சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அப்புறம், அங்கேயே சீன மருத்துவப் பிரிவிலிருந்து ஒரு செவிலி வந்தார். நான் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே துண்டை வாங்கி மடித்து என் முதுகுக்குக் கீழே வைத்தார். சிவந்த இடத்தைத் தொடவே இல்லை. காம்பைச் சுற்றி மட்டும், இரண்டு விரலால், வெண்டைக்காய் பிஞ்சா என்று பார்ப்போமே, அந்த அளவு அழுத்தத்தில் பிடித்துப் பிடித்து விட்டார். இறுகிக்கிடந்த கரு வட்டம் இளகியதும் குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு நாளாக வாயில் பிடிக்கத் திணறிக்கொண்டிருந்தவன், இன்று ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டான். பால் இறங்கும்போது அவன் தொண்டையில் வருகிற அந்த ‘களக்’ சத்தத்தை இரண்டு நாளுக்குப் பிறகு கேட்டேன். அழுதுவிட்டேன்.

மாங்ஷியாவ் உப்பையும் ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தார்கள். ஈரம் கோத்து இறுகினால் மாற்ற வேண்டும், குழந்தைக்குக் கொடுக்கும் முன் நன்றாகத் துடைத்துவிட வேண்டும், காம்பில் படக் கூடாது. அது ஜில்லென்றுதான் இருந்தது. ஆயி அந்தப் பையைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் பையை எடுத்துச் சின்னத் துவாலையில் சுற்றிக் கொண்டுவந்தார். என் தோளுக்கும் காலுக்கும் போர்வையைச் செருகிவிட்டுத்தான் கையில் கொடுத்தார்.

புதுமுகம்_7 | வியாழன், காலை 9:10

பக்கத்துக் கேள்வி, மன்னிக்கவும். என் சீனத் தோழி பால் நிறுத்த வறுத்த பார்லி முளையைக் கொதிக்கவைத்துக் குடித்தாள். எங்கள் பாட்டி மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டச் சொல்வார். இதெல்லாம் பால்கட்டுக்கு ஆகுமா?

பாலூட்டல்_செவிலி | வியாழன், காலை 9:40

அவை இரண்டும் பால் வற்றுவதற்காகச் செய்வது தோழி. மல்லிகைப்பூவை 1980களில் இந்திய மருத்துவர்கள் ஆய்வே செய்திருக்கிறார்கள், பால் சுரப்பைக் குறைப்பதில் அது பலன் தந்தது. தொடர்ந்து பால் கொடுக்க நினைக்கிறவர்கள் இரண்டையும் கேட்காமல் செய்ய வேண்டாம். நிறுத்துவதாக இருந்தாலும் ஒரே நாளில் நிறுத்தாமல் ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். திடீரென்று நிறுத்துவதாலேயே இந்த அழற்சி வருகிறவர்கள் உண்டு.

இரண்டுமுறை_அம்மா | வியாழன், காலை 10:05

ஷென்ஜென் தங்கையே, சீழ் இல்லை என்று படித்ததும் எனக்கே உடம்பு லேசாகிவிட்டது. ஒரு வேண்டுகோள்: 48 மணி நேரத்தில் கட்டி குறையவில்லை என்றால், காய்ச்சல் விட்டிருந்தாலும், மறுபடி ஸ்கேனுக்குப் போங்கள். மாத்திரையில் காய்ச்சல் அடங்கி உள்ளே சீழ் நின்றுவிடுவதும் உண்டு.

ஷென்ஜென்_தாய் | 12 நாள் கழித்து, மாலை 5:20

தாமதத்துக்கு மன்னிக்கவும். மாத்திரை முடிந்தது. காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டது, சிவப்பு நாலாம் நாள் மங்கியது, கட்டி முழுதாகக் கரைய ஒரு வாரம் ஆயிற்று. அக்கா சொன்னபடி மறுபடி ஸ்கேனும் பார்த்துவிட்டோம், சுத்தமாக இருக்கிறது. சூப் இப்போது மீனும் காயும் போட்டுத் தெளிவாக, அதுவும் ஒரு வேளைதான்.

இன்றோடு ஆயியின் மாதம் முடிகிறது. அடுத்த வீடு தோங்குவானில், தலைப்பிரசவமாம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர் நடுவில் எழுந்து வந்து, அந்த ஐஸ் பை விஷயத்தை எனக்கு வீசாட்டில் எழுதி அனுப்பு, எத்தனை நிமிடம் என்று சரியாகப் போடு என்றார். பத்து நிமிடம், துணி சுற்றி, மற்ற இடமெல்லாம் போர்த்திக்கொண்டு என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, ‘39 என்றால் மருத்துவமனை’ என்பதையும் சேர்க்கச் சொன்னார். 38.5 என்று மாற்றிப் போட்டு அனுப்பினேன்.